மேலே யாரும் இல்லை

"ஏம்மா அந்த ஆளைத் திருப்பி அனுப்பின?"

குழாயில் தண்ணீர் நிற்க இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரத்தில் தாராவியில் யாரும் யாரிடமும் நியாயம் கேட்க மாட்டார்கள். ஷாலினி கேட்டாள். நேற்று ராத்திரியிலிருந்து ஐந்தாவது தடவையாகக் கேட்கிறாள். இசக்கிசெல்வி குடத்தை இறக்கிவைத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்க்காமல் டீ தம்ளரை நீட்டினாள்.

"மொதல்ல இதக் குடி. வெறும் வயித்தோட கத்தாத."

"உன் டீ எனக்கு வேண்டாம். ஜவாப் சொல்லு. இந்த வீட்டுலயே காலேஜ் முடிச்ச மொத ஆளு நான். எங்க பேட்ச்ல பதினாலு பேரு செலக்ட் ஆனோம். பதிமூணு பேருக்கு ஓகே ஆயிட்டு. எனக்கு மட்டும், 'இப்படி ஒரு பொண்ணு இந்த வீட்டுலயே இல்ல'ன்னு ரிப்போர்ட். சொன்னது யாரு? எங்கம்மா..."

அடுப்படியில் பூமாரி நின்றுகொண்டிருந்தாள். இசக்கியின் ஓரகத்தி அவள். புருஷனுக்கு மூத்தவர் வானமாமலையின் மனைவி. கல்லில் தோசை கருகுகிற வாசனை வந்தும் அவள் திருப்பிப் போடவில்லை. இசக்கி அவளைப் பார்த்தாள். பூமாரி தலையைக் குனிந்துகொண்டாள். இசக்கி வாயைத் திறந்து, மூடி, இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள்.

ஷாலினி விடவில்லை. பின்னாலேயே வந்தாள். "ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் ஷிஃப்ட்டுன்னதும் அந்த வேலை வேண்டாம்னு சொன்னேல்லா? அதான் வேலையவே முடிச்சிட்ட. இப்ப உனக்கு குஷியா?"

சொன்னது உண்மைதான். ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுநாளே மாட்டுங்காவில் சமையல் வேலை முடிந்ததும் நேராக ஜிடிபி நகர் ஸ்டேஷனுக்குப் போய், வாஷி வண்டியில் பெண்கள் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும், ராத்திரி வண்டியில் போலீஸ் ஏறுமா என்று பூ விற்கிறவளிடம் விசாரித்துவிட்டு வந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. பெற்றவள் செய்கிற நல்லது கணக்கில் சேராது, சொல்லுகிற ஒரு சொல்தான் ஏழு ஜென்மத்துக்கும் நிற்கும்.

வேலை வாஷியில் ஒரு கம்பெனியில். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால், பிள்ளைகள் எழுதிக்கொடுத்த விலாசத்தில்தான் இருக்கிறார்களா என்று ஆள் அனுப்பிப் பார்ப்பது வழக்கமாம். வெரிஃபிகேஷன் என்று அதற்குப் பெயர். பார்த்துவிட்டு எழுதியிருந்தார்கள்: வீட்டில் இருந்த நாற்பத்தைந்து வயதுப் பெண், அப்படி யாரும் இங்கே இல்லை, மேலே சாமான்தான் கிடக்கிறது என்று சொன்னார். விலாசம் சரியில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நிரூபிக்காவிட்டால் வேலை இல்லை. இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

அந்த வீட்டுக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, வாசலோரம் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. கீழே வானமாமலையும் பூமாரியும். மேலே தம்பி செல்வம், இசக்கி, ஷாலினி. சமையல் ஒன்று. லைட் பில் வானமாமலை பெயரில். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று சர்வேக்காரர்கள் வர ஆரம்பித்ததிலிருந்து சந்துக்குச் சந்து ஒரு பேச்சு. மாடியில் தனிக் குடும்பம் இருப்பது தெரிந்தால் வீட்டை இரண்டாக எழுதி, மேலே இருப்பவர்களை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டு, கீழே இருப்பவனுக்கும் கிடைக்கிறதைக் குறைத்துவிடுவார்கள் என்று யாரோ வானமாமலை காதில் ஓதிவிட்டார்கள். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. அன்றைக்கே எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். ஃபைலும் கையுமாக எவன் வந்தாலும் ஒரே பதில்: "ஊபர் கோயி நஹீ, சாமான் ஹை." மேலே யாரும் இல்லை, சாமான்தான். பூமாரிக்கு ஹிந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்துத் தடவை சொல்லவைத்துப் பழக்கினார்.

புதன்கிழமை ஆள் வருவான் என்று ஷாலினி சொல்லியிருந்ததால் இசக்கி லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றரை மணி வரைக்கும் யாரும் வரவில்லை. வானமாமலைக்குப் பை தைக்கிற கார்கானாவில் வேலை. அவருக்குச் சோறு கொண்டுபோவது எப்போதும் இசக்கியின் வேலை, பூமாரிக்கு முட்டுவலி. "யாராவது ஷாலினியக் கேட்டு வந்தா உக்காரச் சொல்லுக்கா, பத்தே நிமிசம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பூமாரி பெருமையாக நின்றாள். "சர்வேக்காரன் வந்தான். மேல யாருன்னு கேட்டான். டக்குனு சொல்லிட்டேன். அவன் வேகமா ஒரு பேரைச் சொன்னான், சரியாக் கேக்கல, அதெல்லாம் மாலும் நஹீ, தெரியாதுன்னுட்டேன்."

இசக்கி சோற்றுப் பையைப் போட்டுவிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினாள். பைக்கில் வந்தவன் போய்விட்டிருந்தான். திரும்பி வந்தபோது பூமாரி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகன் கல்யாணம் முடிந்து விக்ரோலியில் மாமனார் வீட்டோடு போனவன், தீபாவளிக்குக்கூட எட்டிப்பார்ப்பதில்லை. ஷாலினியைக் குளிப்பாட்டி, சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் பூமாரிதான். இசக்கி அந்த நேரத்தில் மாட்டுங்காவில் யார் வீட்டுக்கோ சாம்பார் கொதிக்கவைத்துக்கொண்டிருப்பாள். "அவகிட்ட சொல்லிராத இசக்கி... எனக்கு அவள விட்டா யாரு இருக்கா?" என்று அழுதாள் பூமாரி. அவன் இன்னொரு தடவை வருவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இசக்கி நினைத்தாள். அவன் வரவில்லை, மெயில்தான் வந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டிராம்பேயில் வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செல்வத்திடம் ஷாலினி முறையிட்டாள். அவன் பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டே, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து இசக்கி எதைக் கேட்டாலும் அவனுக்கு இந்த ஒரு பதில்தான். அதைச் சொல்லிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அழுது என்னாவப்போவுது? உங்க மேடம்கிட்ட போவோம், வா" என்றாள் இசக்கி.

"நீ வருவியா? வந்து நீயே சொல்லு, நான்தான் கெடுத்தேன்னு."

செம்பூர் காலேஜில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை ஷ்யாமளாவுடையது. முப்பது வருஷம் பேங்கில் ஆள் எடுக்கிற இலாகாவில் இருந்துவிட்டு, இப்போது ஒரு டிரஸ்ட் மூலமாக, வீட்டில் முதன்முதலாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக் கொடுக்கிறாள். மாட்டுங்காக்காரி. கோபம் மூக்குக்கு மேல். அலமாரியில் நாலு கறுப்புக் கோட்டுகள் தொங்கும். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

"உக்காருங்கோ" என்றாள் ஷ்யாமளா. உட்காரும்வரைகூடப் பொறுக்கவில்லை. "அந்தக் கம்பெனிக்காரா வாசல்ல ரெண்டு வருஷம் நின்னிருக்கேன், தெரியுமோ? தாராவி விலாசத்தப் பார்த்தாலே யோசிக்கறா. கெஞ்சிக் கூத்தாடி பதினாலு சீட் வாங்கினேன். இப்ப அவா என்ன கேக்கறா தெரியுமா? 'மேடம், உங்க பசங்க குடுக்கற விலாசமெல்லாம் இப்படித்தானா?' அடுத்த வருஷம் நான் எந்த முகத்தோட போய் நிப்பேன்? ஏம்மா, நீங்கதான் அப்படிச் சொன்னேளா?"

ஷாலினி பக்கத்தில் நின்றாள். கை கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி, பின்னே யார் என்று வரும். குழந்தைக்குச் சடை பின்னிவிட்டுக் கண்ணாடி காட்டுகிற பூமாரியின் முகம் இசக்கிக்கு நினைவில் வந்தது.

"ஆமா மேடம்... நான்தான்" என்றாள்.

ஷாலினி தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இசக்கி தாங்கிக்கொண்டாள். தாங்க வேறு வழியும் இல்லை.

ஷ்யாமளா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சர்வே விஷயத்தை இசக்கி தட்டுத்தடுமாறிச் சொல்லச் சொல்ல அவளுடைய கோபம் வேறு பக்கம் திரும்பியது. "எப்படிக் கை குலுக்கணும், எப்படி மெயில் எழுதணும், எல்லாம் சொல்லிக்குடுத்தேன் இதுகளுக்கு. வீட்டுல இருக்கறவாளக் கூப்பிட்டு, 'ஒருத்தன் வருவான், உள்ளத சொல்லுங்கோ'ன்னு சொல்லணும்னு எனக்குத் தோணலயே... என்னத்த கிழிச்சேன்?" என்று தன்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். ஹிந்தியில், இங்கிலீஷில், நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு.

முடிவாக இதுதான் கிடைத்தது. அன்றைக்கு வந்த ஆளே நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். மேல் அறையைக் காட்ட வேண்டும். பெற்றவளே இல்லை என்று சொல்லிவிட்டதால் பெற்றவர்களின் பேச்சு இனி செல்லாது. கீழே இருக்கிற வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கீழ்வீட்டு ஆள் ஒருவர் வீடியோவில் வந்து சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் ஷாலினி வேறு சீட்டில் உட்கார்ந்தாள். இசக்கி சயானில் இறங்கி நேராகக் கார்கானாவுக்குப் போனாள். பத்து மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வானமாமலை ஜிப் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார், கேட்டுவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினார்.

"கையெழுத்துப் போட்டா அது பேப்பரு. பேப்பரு எங்கெல்லாம் போவும்னு எவனுக்குத் தெரியும்? நாளைக்கு சர்வேக்காரன் அத என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவான்."

"அது கம்பெனிக்கு மட்டுந்தான் அத்தான். பிள்ளைக்கு வேலை போயிரும்."

"வேலை போனா வேற வேலை. வீடு போனா வேற வீடு வருமா? நீயே சொல்லு. நான் எனக்கா சேக்கேன்? தம்பிக்கும் சேத்துத்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இசக்கிக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். நல்லது செய்கிறேன் என்று கழுத்தில் ஏறி உட்கார்ந்திருப்பவரை என்ன செய்ய?

"அத்தான், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மேல நாங்க இருக்கமா, இல்லையா?"

"இருக்கீகன்னு எனக்குத் தெரியும். ஊருக்கு என்னத்துக்குத் தெரியணும்?" என்றார் வானமாமலை. பிறகு ஜிப் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாலு மணிக்கு எவனும் வீடியோ கீடியோன்னு என் வீட்டக் காட்டக் கூடாது. நானே வந்து நிப்பேன், பாத்துக்க" என்றார்.

சொன்னபடியே வந்து நின்றார். மூன்றே முக்காலுக்கு ஏணியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இசக்கி அவரைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினாள். அவர் தடுக்கவில்லை, தம்பி பெண்டாட்டியைத் தொட்டுத் தடுக்க முடியாது. "ஏறு. ஏறிட்டு இந்த வீட்டுல நீ எப்படி இருப்பன்னு பாக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

நாலு மணிக்குச் சரியாகப் போன் வந்தது. பைசான் என்று பெயர் சொன்னான், சின்னப் பையன்தான். ஷாலினி கதவு எண்ணைக் காட்டினாள். கொடியில் தொங்குகிற துணி, சுவரில் அவளுடைய பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட், மூலையில் சுருட்டிவைத்த மூன்று பாய். காட்டக் காட்ட அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"சரி, கீழே இருக்கிறவங்க யாராவது?" என்று ஹிந்தியில் கேட்டான் பைசான்.

"வாங்க பெரியப்பா... ப்ளீஸ். ஒரு நிமிஷம்" என்று ஷாலினி ஏணி வாசலில் குனிந்து கெஞ்சினாள். வானமாமலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாருமே இல்லைன்னா நான் அப்படியே எழுதிடறேன் மேடம். இன்னும் மூணு வீடு பார்க்கணும்."

ஷாலினி போனைப் பிடித்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷப் படிப்பும் இரவல் கோட்டும் வாஷி வண்டியும் எல்லாம் அவ்வளவுதான். இசக்கிக்கு அந்த நிமிஷத்தில் எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது. மூத்தவர்மேல், புருஷன்மேல், ஃபைல் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல். வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பொறுமை என்று யார் தனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஏணி கிரீச்சிட்டது.

"ஏட்டி, எறங்கு கீழ" என்று வானமாமலையின் குரல் கேட்டது.

அடுத்த படி. மறுபடியும் கிரீச். பூமாரி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, மூச்சுவாங்கி ஏறிக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாக அந்த ஏணியில் அவள் கால் வைத்ததில்லை.

"முட்டு வலிக்கும் உனக்கு. எறங்குன்னு சொல்லுதேன்லா?"

"என் முட்டுதான... நான் பாத்துக்கிடுதேன்."

இசக்கி ஓடிப்போய்க் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். பூமாரி போனை வாங்கி முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தடுமாறாமல் வருகிற ஹிந்தி ஒரு வாக்கியம்தான், அது இங்கே உதவாது. ஆகவே தமிழும் ஹிந்தியும் கலந்து பேசினாள், நடுவில் வருகிற அழுகையையும் சேர்த்து.

"பேட்டா, அன்னைக்கு இல்லைன்னு சொன்னது இவ இல்ல. நான். மைனே ஜூட் போலா, பொய் சொல்லிட்டேன். இவ எனக்குப் பதிலா சோறு சுமக்கப் போயிருந்தா. நீ சர்வேக்காரன்னு நெனச்சுட்டேன். இது எங்க பிள்ளை. மேரா பச்சி. பொறந்ததுல இருந்து, இருபத்தொரு வருஷம், இங்கதான் இருக்கா. அவ அப்பன், அம்மை, மூணு பேரும் இங்கதான் இருக்காங்க. எழுதிக்க."

பாதி தமிழானாலும் பைசானுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவன் சிரித்தான். "ஆன்ட்டி, எங்க வீட்டுலயும் ஃபைலோட யாராவது வந்தா இதையேதான் சொல்லுவோம்" என்றான். பூமாரியின் பெயரையும் ஆதாரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனை வைத்தான்.

கீழே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. "நீ இனி அங்கனயே கெட" என்றார் வானமாமலை.

"கெடக்கேன்" என்றாள் பூமாரி, முட்டைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஷாலினியின் பக்கம் திரும்பினாள். "உங்கம்மை வாயத் தொறக்கலட்டி... நான்தான் தொறக்க விடல. அவ அன்னைக்கு மெயின் ரோடு வரைக்கும் செருப்பில்லாம ஓடினா. என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு. அவளச் சொல்லாத."

ஷாலினி பெரியம்மாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஏம்மா சொல்லல? நான் உன்னை என்னவெல்லாம் பேசினேன்... மேம்கிட்டயும் நீதான்னு சொன்னியே... ஏன்?"

இசக்கி சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள்.

"நேத்து ராத்திரி அந்த மெயிலப் படிச்சதும் யாரு அனுப்பினான்னு நீ கேக்கல ஷாலினி. ஏன் அனுப்பினேன்னு கேட்ட. உனக்கு அது நான்தான்னு முடிவாயிட்டு. அதுக்கு மேல சொல்ல எனக்கு என்ன இருக்கு?"

சொல்லும்போது குரல் உயரவில்லை. அதனாலேயே ஷாலினிக்குத் தாங்கவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்ன வயதில்கூட அழாத மாதிரி அழுதாள். இசக்கி கொஞ்ச நேரம் கையைத் தூக்காமலே இருந்தாள். கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குமா என்ன? பூமாரிதான் இசக்கியின் கையை எடுத்து மகளின் தலையில் வைத்தாள். வைத்த பிறகு இசக்கியும் அழுதாள். மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தே முக்காலுக்கு ஷ்யாமளாவிடமிருந்து செய்தி வந்தது. கம்பெனி அவளுக்கு அனுப்பியதை அப்படியே அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் போய் நில், லேட்டாகப் போனால் நானே கொன்றுவிடுவேன்.

"என்னட்டி போட்டிருக்கு?" என்று கேட்டாள் இசக்கி. "தமிழ்ல சொல்லு."

ஷாலினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிச் சொன்னாள். "விலாசம் சரி. இந்த வீட்டின் மேல் அறையில், தகப்பனார் செல்வம், தாயார் இசக்கிசெல்வி, மகள் ஷாலினி, மூணு பேரும் இருபத்தொரு வருஷமா வசிக்கிறாங்க."

இசக்கி அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்துதான், ஒன்றும் புரியவில்லை. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று மகளைக் காட்டச் சொன்னாள். ஷாலினி விரல் வைத்துக் காட்டினாள்.

கீழே வானமாமலை இன்னும் வாசலில்தான் இருந்தார். இருமுகிற சத்தம் கேட்டது. இசக்கி எழுந்துபோய் ஏணிப்பக்கத்துக் கதவை நன்றாகத் திறந்துவைத்தாள்.

"இன்னொரு தடவ வாசி ஷாலினி" என்றாள். "கீழ கேக்கிற மாதிரி வாசி."